மொரிஷியஸா ரீயூனியனா? ரெண்டு தீவுலயும் குடியிருந்தவன் சொல்றேன்

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். நீங்க பாண்டிச்சேரி, சாஃப்ட்வேர் வேலை, கையில இந்திய பாஸ்போர்ட். வீட்டுக்காரம்மா காரைக்கால், அவங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, அந்த வழியில அவங்க பிரெஞ்சு பிரஜை. நாலு வயசுல ஒரு பொண்ணு. பிரான்ஸ் குளிரு வேணாம், நம்ம ஆளுங்க இருக்குற எடமா வேணும், மொரிஷியஸுக்கு போலாமா பக்கத்துல இருக்குற ரீயூனியனுக்கு போலாமான்னு கேட்டிருக்கீங்க. கடைசில "ரெண்டும் ஒரே மாதிரிதான, எது செலவு கம்மி"ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன்.

நான் மாமல்லபுரம் பக்கத்துக்காரன், கோயில் சுதை வேலை. 2007ல மொரிஷியஸ்ல ஒரு கோபுர வேலைக்கு காண்ட்ராக்ட்ல வந்தேன், அஞ்சு வருஷம் அங்க. 2012ல ரீயூனியன்ல சேந்தாந்த்ரே பக்கத்துல ஒரு கோயில் வேலைக்கு வந்து, இங்கயே பொண்ணு கட்டி, இப்ப ஒரு கட்டட கம்பெனியில கொத்தனாரா இருக்கேன், லீவு நாள்ல சாமிக்கு பெயிண்ட் அடிப்பேன். அதனால ரெண்டு ஊர் ஆபீஸ் வரிசையிலயும் கால் கடுக்க நின்னவன்.

ரெண்டு தீவுக்கும் நடுவுல 200 கிலோமீட்டர் சொச்சம் கடல், பிளைட்ல முக்கால் மணி நேரம் கூட முழுசா ஆகாது. கரும்பு அதே கரும்பு, எரிமலை மண்ணு அதே மண்ணு, ரெண்டு பக்கமும் தெருவுல பேசுறது கிரியோல், பிரெஞ்சுலேர்ந்து பொறந்த நாட்டுப் பேச்சு, ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்கு முக்கால்வாசி புரியும். ஆனா எறங்கின உடனே எல்லாம் மாறிடும். மொரிஷியஸ் 1968ல சுதந்திரம் வாங்கின தனி நாடு, 1992ல குடியரசு, ரூபா, வண்டி இடது பக்கம், சர்க்கார் ஆபீஸ்ல இங்கிலீஷ். ரீயூனியன் 1946லேர்ந்து பிரான்ஸோட ஒரு மாவட்டம் தம்பி, அவங்க பாஷையில தெபார்த்மான், யூரோ, வண்டி வலது பக்கம், சட்டம் பாரிஸ்ல போடுற அதே சட்டம், எழுதுறது படிக்கிறது அத்தனையும் பிரெஞ்சு. அதனால நீங்க தேர்ந்தெடுக்கறது ரெண்டு தீவுல ஒண்ண இல்ல, ரெண்டு விதமான உரிமைல ஒண்ண. எந்த ஊர்ல உங்க குடும்பத்த யாரும் கெளம்புன்னு சொல்ல முடியாது, அத மொதல்ல பாருங்க, வாடகைய அப்புறம் பாக்கலாம்.

மொரிஷியஸ்ல நீங்க இருக்கறது வேலைய வச்சுத்தான். உங்க மாதிரி படிச்சவங்களுக்கு ஆக்குபேஷன் பெர்மிட்னு ஒண்ணு இருக்கு, எகனாமிக் டெவலப்மென்ட் போர்டு வழியா போகும், கம்பெனி சரியா இருந்தா இழுத்தடிக்க மாட்டாங்க, வேலையும் தங்குறதும் ஒரே பெர்மிட்ல முடிஞ்சுடும். 2020லேர்ந்து பிரீமியம் விசான்னு இன்னொண்ணு, வெளிநாட்டு கம்பெனிக்கு லேப்டாப்புல வேலை செய்றவங்க ஒரு வருஷம் தங்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வேலை போச்சுன்னா பெர்மிட்டும் போச்சு, வேற கம்பெனி வேற பெர்மிட்னு திரும்ப ஆரம்பிக்கணும். என் கதைய சொல்றேன், நான் வந்தது உங்க மாதிரி பெர்மிட் இல்ல, சாதாரண தொழிலாளி பெர்மிட். கூட்டிட்டு வந்த ஆளு வந்த மறுநாளே பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாரு, சொன்ன சம்பளத்துல ஒரு பங்கு சாப்பாடு ரூம்னு கழிச்சாரு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சேதி வந்தப்ப பாஸ்போர்ட் என் கைக்கு வர பதினோரு நாள் ஆச்சு. அதுல மொரிஷியஸ் மக்கள் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது, பக்கத்து வீட்டு அம்மா எனக்காக போய் சண்ட போட்டாங்க. ஆனா நம்ம இருப்பு இன்னொருத்தன் கையில இருக்குதுன்னா என்னன்னு அந்த பதினோரு நாள்ல தெரிஞ்சுக்கிட்டேன்.

ரீயூனியன்ல உங்க நெலம வேற. உங்க வீட்டுக்காரம்மா, எனக்கு தங்கச்சி மாதிரி, நாளைக்கே பெட்டிய தூக்கிட்டு வரலாம், யார் அனுமதியும் வேணாம், அது அவங்க நாடு. பொண்ணும் அம்மா வழியில பிரெஞ்சுதான். நீங்க பிரெஞ்சு பிரஜையோட புருஷன்ங்கற முறையில நீண்டகால விசாவுக்கு போடணும், அது கெடச்சு வந்து எறங்கினா மூணு மாசத்துக்குள்ள ஆன்லைன்ல பதிஞ்சுக்கணும், அந்த விசாவுலயே வேலை செய்யலாம், முதலாளி யாரும் உங்களுக்கு கையெழுத்து போட வேண்டியதில்ல. மனைவி பிரெஞ்சா இருந்தா, கல்யாணமாகி நாலு வருஷம் ஆனப்புறம் குடியுரிமைக்கும் எழுதலாம், ஆனா பிரெஞ்சு பரீட்சை இருக்கு, 2026லேர்ந்து பி-2ங்கற லெவல், அதாவது நல்லா சரளமா பேசி எழுதற அளவு, கேக்கறாங்க, அது லேசுப்பட்டதில்ல. இன்னொரு விஷயம், ஐரோப்பா நாடுகளுக்கு பொதுவா குடுக்கற ஷெங்கன் விசா கையில இருக்கே, ரீயூனியன எட்டிப்பாத்துட்டு வரலாம்னு கெளம்பிடாதீங்க. ரீயூனியன் பிரான்ஸ்தான், ஐரோப்பிய யூனியன்தான், ஆனா ஷெங்கன்ல கிடையாது. விசால ரீயூனியனுக்கு செல்லும்னு தனியா இருக்கணும், இது தெரியாம ஏர்போர்ட்ல நிறுத்தப்பட்ட குடும்பத்த நான் பாத்திருக்கேன். மொரிஷியஸுக்கு அந்த தொல்லை கிடையாது, இந்திய பாஸ்போர்ட்ல சுத்திப்பாக்க வர்றவங்களுக்கு முன்கூட்டி விசா வேணாம்.

இப்ப வேலை. இங்கதான் கணக்கு திரும்புது. உங்க தொழிலுக்கு மொரிஷியஸ்தான் எடம். எபென் சைபர் சிட்டின்னு போர்ட் லூயிக்கு தெக்க ஒரு ஏரியா, பேங்க், கால் சென்டர், சாஃப்ட்வேர் கம்பெனின்னு கண்ணாடி கட்டடமா நிக்கும், இங்கிலீஷ் போதும், பெங்களூர்லேர்ந்து வந்த பசங்க நெறைய. மெட்ரோ இப்ப போர்ட் லூயிலேர்ந்து கியூர்ப்பீப் வரைக்கும் ஓடுது, எபெனுக்கும் ஒரு கிளை போட்டுட்டாங்க. நான் இருந்த காலத்துல பஸ்ஸுல தொங்கிட்டுதான் போவோம். ரீயூனியன்ல இங்கிலீஷ வச்சுகிட்டு ஒரு கடையில பால் பாக்கெட் வாங்கலாம், வேலை வாங்க முடியாது. வேலையில்லா திண்டாட்டம் பிரான்ஸ்ல இருக்கறத விட இங்க ரெண்டு மடங்குக்கும் மேல. இங்க பொறந்து பிரெஞ்சுல டிகிரி வாங்கின பசங்களே வேலை தேடி பாரிஸுக்கு பிளைட் ஏர்றாங்க. என் மச்சினன் பையன் கம்ப்யூட்டர் படிச்சிட்டு ஒன்றரை வருஷம் சும்மா இருந்து இப்ப லியோன்ல இருக்கான். அதனால மொத ரெண்டு வருஷம் சம்பளம் வர்றது தங்கச்சி கையிலயா இருக்கலாம், இல்ல நீங்க வெளிநாட்டு கம்பெனிக்கு வீட்லேர்ந்து வேலை செய்யணும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க.

செலவு கேட்டீங்கல்ல. பிரெஞ்சு புள்ளியியல் ஆபீஸ் 2022ல கணக்கெடுத்தாங்க, ரீயூனியன்ல மொத்த விலைவாசி பிரான்ஸ விட கிட்டத்தட்ட 9 சதவீதம் ஜாஸ்தி, சாப்பாட்டு சாமான் மட்டும் எடுத்தா 37 சதவீதம் ஜாஸ்தி. எல்லாம் கப்பல்ல வரணும், அதுக்கு மேல கடல்வரின்னு ஒண்ணு. 2018 நவம்பர்ல இந்த விலைவாசிக்காக ஜனங்க ரோட்ட மறிச்சு தீவே நின்னு போச்சு. ஆனா சம்பளமும் பிரான்ஸ் சட்டப்படி, குறைஞ்சபட்ச சம்பளம் 2024 நவம்பர்ல மாசம் 1,801 யூரோ, பிடிச்சது போக கைக்கு 1,426. மொரிஷியஸ்ல அதே 2024ல குறைஞ்சபட்சம் 16,500 ரூபா, யூரோவுக்கு அம்பது ரூபா மாதிரி போட்டா 330 யூரோ. சந்தையில சாமான் வெல எப்படி இருந்தாலும் சம்பளம் நாலு மடங்கு வித்தியாசம், அதனால 'எது சீப்'புங்கற கேள்விக்கு பதிலே கிடையாது, எந்த காசுல சம்பளம் வருதுங்கறத பொறுத்தது. டாலர்ல சம்பளம் வாங்கிட்டு மொரிஷியஸ்ல இருந்தா ராஜா. ரூபால வாங்கிட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ் கட்டினா மாசக் கடைசில கைய பிசையணும். ஏன்னா பெர்மிட்ல வர்றவங்க பிள்ளைங்க பெரும்பாலும் தனியார் ஸ்கூலுக்குத்தான் போகும், பிரெஞ்சு முறை ஸ்கூலும் இருக்கு, எல்லாத்துக்கும் ஃபீஸ் உண்டு. இங்க ரீயூனியன்ல மூணு வயசுலேர்ந்து ஸ்கூல் கட்டாயம், இலவசம், உங்க பொண்ணு வந்த வாரமே மத்தெர்னெல்னு சொல்ற சின்னப் பிள்ளைங்க ஸ்கூல்ல சேரலாம்.

தமிழ் போயிடக்கூடாதுன்னு தங்கச்சி சொன்னதா எழுதியிருந்தீங்க. இத படிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத தோணல, ஏன்னா என் வீட்லயும் அதே கவலைதான்.

மொரிஷியஸ்ல தமிழுக்கு மரியாதை சட்டத்துலயே இருக்கு. ரூபா நோட்டுல இங்கிலீஷ், தமிழ், இந்தின்னு மூணும் இருக்கும். 1998ல புது நோட்டு அடிச்சப்ப தமிழுக்கு மேல இந்தி எழுத்த போட்டுட்டாங்கன்னு நம்ம சனம் தெருவுல எறங்கி, அந்த நோட்டையே அரசாங்கம் திரும்ப வாங்கிக்கிச்சு. தைப்பூசம் அங்க அரசு விடுமுறை, அன்னைக்கு காவடி போற ரோட்டுல பஸ்ஸே நிக்கும். கவர்மெண்ட் ப்ரைமரி ஸ்கூல்ல தமிழ ஒரு பாடமா எடுக்கலாம், மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல மேல வரைக்கும் படிக்கலாம், ரேடியோ டிவில தமிழுக்கு நேரம் உண்டு. ஆனா வீட்டுக்குள்ள போனீங்கன்னா பேச்சு கிரியோல்தான், பாட்டி கூட கிரியோல்லதான் திட்டும். கோயில கோவில்னே சொல்வாங்க, ரசத்த ரசோன்பாங்க, அப்பளம் அப்பொலாம், கல்யாணத்துல வாழை இலைல ஏழு கறி. வார்த்தை இருக்கு, வாக்கியம் போயிடுச்சு.

ரீயூனியன்ல அந்த சட்ட மரியாதை கூட கிடையாது. இங்க நம்மாளுங்கள மல்பார்னு சொல்வாங்க, மலபார்லேர்ந்து வந்ததா நெனச்சு வச்ச பேரு, வந்ததெல்லாம் பெரும்பாலும் நம்ம பக்கத்து ஆளுங்க. 1848ல அடிமை முறைய ஒழிச்சதும் கரும்பு வெட்ட ஆள் வேணும்னு பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகத்துலேர்ந்து கப்பல் கப்பலா ஏத்துனாங்க, 1860ல பிரிட்டிஷ்காரனோட ஒப்பந்தம் போட்டப்புறம் மதராஸ்லேர்ந்தும் வந்தாங்க, 1882ல பிரிட்டிஷ்காரன் நிறுத்துற வரைக்கும். வந்தவங்க ஞாயித்துக்கிழமை மாதா கோயில், ஆடி மாசம் மாரியம்மன் கோயில்னு ரெண்டையும் புடிச்சுக்கிட்டாங்க. மாரியம்மன் இங்க மர்லியெமென் ஆயிட்டா, மதுரை வீரன் மர்தேவிரேன், நாகூர் ஆண்டவருக்கு கோயில் வாசல்லயே கொடிமரம், பேரு நர்குலான். சந்தையில கறிவேப்பிலைக்கு கலூப்பிலேன்னு கேக்கணும், மொரிஷியஸ்ல அதுவே கரிப்புலே.

நான் வந்த புதுசுல சாரத்து மேல உக்காந்து அம்மன் கைக்கு சுதை பூசிட்டிருக்கேன், கீழ ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், நோட்டு ஒண்ண விரிச்சு வச்சு அம்மன் பாட்டு பாடறாரு. அப்படியே எங்க பாட்டி குரல். எறங்கி ஓடிவந்து "ஐயா நீங்க எந்த ஊரு"ன்னேன். அவருக்கு ஒரு வார்த்தை புரியல. நோட்ட என் கிட்ட நீட்டினாரு, முழுக்க பிரெஞ்சு எழுத்து, அவங்க அப்பா சொல்லச் சொல்ல சின்ன வயசுல எழுதி வச்சதாம், அர்த்தம் ஒண்ணும் தெரியாது. ழ வர்ற எடத்துல எல்லாம் பக்கத்துல சின்னதா ஒரு புள்ளி. எதுக்குன்னு கேட்டேன். நாக்க மடிச்சு காட்டினாரு. நாலு தலைமுறையா அர்த்தம் இல்லாம ழகரத்த மட்டும் காப்பாத்தி வச்சிருக்காங்க தம்பி. அன்னைக்கு நான் வேலைக்கு திரும்ப ஏறல, அவர் பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னேன், எனக்கு தெரிஞ்ச பத்து பிரெஞ்சு வார்த்தைய வச்சு.

அதனால தமிழுக்காக ஊர தேர்ந்தெடுக்கணும்னா மொரிஷியஸ்தான். ஆனா ஸ்கூல்ல தமிழ் பாடம் இருந்தும் அங்க பிள்ளைங்க பேசல, இங்க பாடமே இல்லாம எங்க வீட்டு பொண்ணு பேசுது, ஏன்னா நான் அவகிட்ட வேற பாஷை பேசறதே இல்ல. எங்க வீட்டுக்காரி கூட சேர்ந்து கத்துக்கிட்டா. தமிழ் உங்க ரெண்டு பேர் வாயில இருக்கற வரைக்கும் உங்க பொண்ணுக்கு இருக்கும், எந்த தீவா இருந்தாலும்.

புயல பத்தி யாரும் உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ரெண்டு தீவுக்கும் பயம்தான். 2024 ஜனவரில பெலால்னு ஒண்ணு வந்து எங்கள ஊதா எச்சரிக்கையில, அதான் இங்க உச்சகட்ட எச்சரிக்கை, வீட்டுக்குள்ள அடைச்சுது, அதே நாள் போர்ட் லூயில வெள்ளம் வந்து கார் கார் மேல ஏறி கெடந்துச்சு. 2025 பிப்ரவரி 28, கரான்ஸ் புயல், நேரா எங்க வடக்கு கிழக்கு பக்கம்தான் ஏறுச்சு. கதவு பக்கத்துல மெத்தைய சாத்தி முதுகு குடுத்து நின்னோம், கரண்ட் தண்ணி வர நாள் கணக்காச்சு. பக்கத்து வீட்டு மல்பார் அம்மா விறகு அடுப்ப மூட்டி தெருவுக்கே சோறு ஆக்குனாங்க. வீடு பாக்கும்போது ஓடை, பள்ளம் பக்கம் பாக்காதீங்க, தகரக் கூரை வேணாம், கான்கிரீட் தளம் போட்ட வீடா பாருங்க. கொசுவும் கவனம், 2005-06லயும் 2025லயும் சிக்குன்குனியா இந்த தீவ ஆட்டி வச்சிடுச்சு.

சுத்திப்பாக்க மட்டும் வர்றதா இருந்தா நான் இவ்வளவு பேசவே மாட்டேன். கடல்ல குளிக்கணும், குழந்தைய மணல்ல விடணும்னா மொரிஷியஸ். ரீயூனியன்ல 2011லேர்ந்து சுறா கடிச்சு நெறைய சாவு, 2013லேர்ந்து பவளப்பாறைக்கு உள்ள இருக்கற லகூன், காவல் போட்ட எடம் தவிர கடல்ல எறங்க தடை. ஆனா மலைன்னா இங்கதான், பித்தோன் த நேழ் 3,070 மீட்டர், மஃபாத்னு ஒரு பள்ளத்தாக்குக்கு ரோடே கிடையாது, நடந்து போகணும் இல்ல ஹெலிகாப்டர், அதுக்குள்ள சனம் குடியிருக்கு, ஸ்கூல் இருக்கு. எரிமலை அடிக்கடி பொங்கும், ராத்திரி ஊரே கார் எடுத்துட்டு போய் பாக்கும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். மொதல்ல மொரிஷியஸுக்கு வேலைக்கு போயிட்டு அப்புறம் ரீயூனியன் பாக்கலாம்னு நெனைக்காதீங்க, பொண்ணு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு எட்டு வயசுல பிரெஞ்சு ஸ்கூலுக்கு மாறினா அது பாவம். தங்கச்சியோட பாஸ்போர்ட் உங்க குடும்பத்துக்கு கெடச்ச சொத்து, அத வச்சு இங்க வாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பாண்டிச்சேரியிலயே நீங்க பிரெஞ்சு படிங்க, சும்மா ஆப்ல இல்ல, வகுப்புக்கு போய். இப்ப செய்ற வேலைய வீட்லேர்ந்து செய்ய கம்பெனி ஒத்துக்குதான்னு கேளுங்க, அந்த சம்பளத்துக்கு பிரான்ஸ்ல வரி எப்படின்னும் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. நீங்க பிரெஞ்சு படிக்க முடியாது, இங்கிலீஷ்லதான் காலம் தள்ளணும்னா அப்ப தயங்காம எபெனுக்கு போங்க, இங்க வந்து வீட்டுக்குள்ள உக்காந்து ஒடஞ்சு போன ஆம்பளைங்கள நான் பாத்திருக்கேன்.

காகித வேலைய இப்பவே ஆரம்பிங்க. உங்க கல்யாணத்தையும் பொண்ணு பிறப்பையும் பாண்டிச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்ல பதிஞ்சாச்சான்னு பாருங்க, அது இல்லாம விசா நகராது. பிறப்பு சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்தில், அதாவது வெளிநாட்டுல செல்லும்ங்கற சர்க்கார் முத்திரை, போடணும், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேணும். எல்லாத்துக்கும் மேல பேர பாத்துக்கோங்க. நம்ம பேருக்கு முன்னாடி இருக்குற இனிஷியல் அவங்களுக்கு புரியவே புரியாது, குடும்பப் பேரு என்னன்னு கேப்பாங்க, பாஸ்போர்ட்ல அந்த எடம் காலியா இருந்தா ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொரு மாதிரி எழுதிடுவாங்க. மொதல்ல எப்படி பதியுதோ அதுதான் கடைசி வரைக்கும். இங்க ராமசாமி, வீராப்பிள்ளைன்னு குடும்பப் பேரு வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் அது கப்பல்லேர்ந்து எறங்கின கொள்ளுத்தாத்தா பேருதான், எழுதுனவன் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி. என் பொண்ணுக்கு அது எங்க அப்பா பேரு. செங்கல்பட்ட தாண்டாத மனுஷன், அவர் பேர்லதான் தினமும் காலைல டீச்சர் வருகைப்பதிவு எடுக்கறாங்க.